கயிற்றுக்குள் போகும் இரும்பு

ஆரணியில் சேத்துப்பட்டு ரோட்டில் இருக்கும் ஜெயவேலின் காயலான் கடையில் இரண்டு லாரிச் சாமான் இறங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. நாற்பத்தாறு நாற்காலிகள், ஒன்றுக்கும் கால் கிடையாது. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்காரலாம். இருக்கையின் நடுவிலிருந்து ஒரு குழாய் எழும்பி, ஆள் உயரத்துக்கு மேலே போய், கொக்கின் கழுத்துபோல வளைந்து நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "கல்யாண மண்டபத்து ஊஞ்சலா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெயவேல், "ஆமா, நாப்பத்தாறு கல்யாணம், ஒரே முகூர்த்தம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவை இமாசலத்தில் ஒரு பனிச்சரிவில் தொங்கிக்கொண்டிருந்த நாற்காலிகள். மலையின் அடியில் ஒரு பெரிய சக்கரம், உச்சியில் ஒரு பெரிய சக்கரம். இரண்டையும் சுற்றி முடிவில்லாத ஒரு எஃகுக் கயிறு ஓடிக்கொண்டே இருக்கும். கயிற்றில் வரிசையாக நாற்காலிகள். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டியவர்கள் கீழே ஏறி உட்கார்ந்து, மேலே இறங்கி, சறுக்கிக்கொண்டே கீழே வந்து மறுபடி ஏறுவார்கள். அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய அமைப்பு. அங்கே புதிதாக ஒன்று போட்டதும் பழையதைக் கழற்றி விற்றுவிட்டார்கள்.

வாங்கியவர் சாந்திகுமார். சந்தவாசலுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் அவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பின் பாதி மலைமேல். அறுவடைக் காலத்தில் முந்நூறு படி இறங்கித் தலைச்சுமையாகத்தான் கூடைகள் வரவேண்டும். போன வருடம் ஒரு பெண் கூடையோடு விழுந்து இடுப்பு உடைந்துபோனதிலிருந்து அவருக்கு மேல்தோப்புக்கு ஆளை அனுப்ப மனம் வரவில்லை. கூடைகளை நாற்காலியில் உட்கார வைத்து இறக்கலாம் என்பது அவருடைய யோசனை.

அவரை வாங்கச் சொன்னது நான்.

நான் கோசப்பாளையத்தில் ஜக்கார்டு பெட்டி ரிப்பேர் பார்க்கிறவள். பட்டுப்புடவையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே உட்கார்ந்து நூல்களைத் தூக்கிவிடும் பெட்டி அது. எந்த நூல் எப்போது எழும்ப வேண்டும் என்பதைத் துளை போட்ட அட்டைகள் சொல்லும். அது பழகிவிட்டால் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும், இது எதை இழுக்கிறது, அதை யார் இழுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அப்படித்தான் பழைய மலை நாற்காலிகளின் மேல் எனக்கு ஒரு பித்து வந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் ஒரு துருப்பிடித்த சக்கரத்தைப் படம் எடுத்துப் போட்டு, இது எந்தக் காலத்துச் சாமான் என்று கேட்கும் ஒரு இணையக் குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

சாந்திகுமார் பதினொரு படங்கள் அனுப்பியிருந்தார். பெயர்த்தகடு எதிலும் இல்லை, யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். ஆனால் பெயரில்லாத இயந்திரமும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். தூக்கும் குழாய் நாற்காலியின் நடுவில் இருந்தால் அது பழைய அமைப்பு. பிற்காலத்தில் குழாயை ஓரத்துக்குக் கொண்டுபோய், உட்காருகிறவர்களுக்கு நடுவில் தடை இல்லாமல் செய்துவிட்டார்கள். தூண்கள் கோணச் சட்டங்களை ரிவிட் அடித்துச் செய்தவை. வெல்டிங் பரவலாவதற்கு முந்தைய பழக்கம் அது. ஒவ்வொரு தூணின் கையிலும் நான்கு சக்கரம், சக்கரத்தின் விளிம்பில் கெட்டி ரப்பர். கால் வைக்கும் கம்பி நடுவில் பளபளவென்று தேய்ந்து, இரண்டு ஓரத்திலும் பெயின்ட் அப்படியே இருந்தது. சறுக்குக்கட்டைகள் எங்கே உரசின என்பதுவரை அந்தக் கம்பி சொன்னது. எல்லாம் ஒரே குடும்பத்துச் சாமான். கலப்படம் இல்லை.

"பூரா கீதுங்க. தைரியமா வாங்குங்க" என்று சொன்னேன். அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை. தூண் நிறுத்த மலையில் குழி தோண்டவும் ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பதினொரு படங்களில் ஒரே ஒரு விஷயம் மட்டும் இல்லை. நாற்காலி கயிற்றை எதால் பிடித்துக்கொள்கிறது என்பது. 'கிளிப்புகள், ஒரு மூட்டை' என்று பட்டியலில் இருந்தது. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அந்த மூட்டையைப் புதன்கிழமை காலை பாலமுருகன் சார் முன்னால்தான் அவிழ்த்தோம். அவர் வேலூரிலிருந்து வந்த இன்ஜினியர். பாரம் தூக்கும் இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவர். அவர் கையெழுத்து இல்லாமல் தோப்பில் ஒரு தூணும் நிற்காது. நாற்காலிகளையும் தூண்களையும் ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் சரிபார்த்து, தலையாட்டிக்கொண்டே வந்தவர், மூட்டையிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார்.

"இது இன்னாங்க மேடம்?"

ஒன்றரை அடி நீளத்தில் ஒரு இரும்பு. நடுவில் விரற்கடை அளவுக்குத் தட்டையான ஒரு கழுத்து. கழுத்தின் மேல்முனையிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு நாக்குகள் நீண்டிருந்தன. கழுத்தின் கீழே நாற்காலிக் குழாயை மாட்ட ஒரு துளை.

"கிளிப்புங்க சார்."

"கிளிப்புன்னா கயித்த கவ்வணும். மேல் தாடை, கீழ் தாடை, நடுவுல போல்ட்டு. இதுல கவ்வறதுக்கு வாயே இல்லியே. இது பாதி கிளாம்ப். மத்த பாதி வரல." ஐந்தாறு கிளிப்புகளைப் புரட்டிப் போட்டார். "எல்லாமே பாதி."

ஜெயவேல் மூட்டையைக் கவிழ்த்து உதறினான். நாற்பத்தாறும் ஒரே மாதிரி. வேறு எதுவும் விழவில்லை.

சாந்திகுமார் என்னைப் பார்த்தார். கிளிப் இல்லையென்றால் நாற்பத்தாறு நாற்காலியும் ரிவிட் அடித்த அத்தனை தூணும் எடைக்குப் போகும் இரும்புதான். நான் சொன்ன வார்த்தைக்கும் அதே எடைதான் மிஞ்சும். ஆரணியில் ஒரு தறிக்காரர்கூட அதற்குப் பிறகு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரமாட்டார்.

ஆனால் அந்த நாக்கைக் கையில் வாங்கியதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழுவில் இரண்டே தடவை இதன் படத்தைப் பார்த்திருக்கிறேன்.

"சார், இது பாதி இல்ல. முழுசு. இது கயித்த வெளிய இருந்து கவ்வாது. கயித்துக்கு உள்ள போவும்."

"உள்ளயா?"

"எஃகுக் கயித்துல ஆறு புரி இருக்குது. ஆறும் நடுவுல ஒரு சணல் கயித்த சுத்திகினு போவுது. கயித்த எதிர்ப்பக்கம் முறுக்கினா புரி அகலும். அந்த எடத்துல மட்டும் சணல வெட்டி எடுத்துட்டு, அதுக்கு பதிலா இந்த ரெண்டு நாக்கையும் படுக்க வெக்கணும். கழுத்து மட்டும் ரெண்டு புரிக்கு நடுவுல வெளிய வரும். முறுக்க விட்டா புரி மூடிக்கும். சடைக்குள்ள ரிப்பன் வெச்சு பின்றாங்களே, அந்த மாதிரி."

"புடிக்குமா?"

"கயிறு எவ்ளோ இழுபடுதோ அவ்ளோ இறுகும். போல்ட்டே வேணாம்."

"நல்லா சொல்றீங்க. ஆனா நீங்க சொன்னத நான் எழுத முடியாது. பாத்தா எழுதறேன்."

"காட்டறேன்" என்றேன்.

காட்டுவதற்குக் கயிறு வேண்டும். கயிற்றை எப்போதும் புதிதாகத்தான் போடுவார்கள் என்பதால் லாரியில் அது வரவில்லை. ஜெயவேலிடம் ஒரு அங்குலக் கயிறு நான்கு துண்டுகள் இருந்தன. அதில் சரியானது எது என்று நாக்கே சொல்லிவிடும். ஏனென்றால், வருடக்கணக்காகப் புரிகள் அழுத்தி அழுத்தி நாக்கின் மேல் திருகாணி மரைபோல மெல்லிய பள்ளங்கள் விழுந்திருந்தன.

கயிற்றின் முறுக்கு இரண்டே வகை. நட்டு வைத்துப் பார்த்தால் புரிகள் வலப்பக்கம் சாய்ந்து ஏறும், அல்லது இடப்பக்கம் சாய்ந்து ஏறும். கயிற்றைத் தலைகீழாகத் திருப்பினாலும் அந்தச் சாய்வு மாறாது. வேண்டுமானால் ஒரு கொடிக்கயிற்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதனால் ஒரு வகைக்குச் செய்த நாக்கு இன்னொரு வகையில் உட்காராது.

நாக்கில் இருந்த பள்ளம் வலப்பக்கம் ஏறியது. நான் அதிகம் யோசிக்கவில்லை. அழுத்திய பொருளின் தடம் திருப்பித்தான் விழும், ரப்பர் ஸ்டாம்ப்பில் எழுத்து திரும்பி இருப்பதுபோல. தடம் வலம் என்றால் கயிறு இடம்.

"இதுல இடது முறுக்கு எதுடா?"

"நான் இன்னாத்த கண்டேன். கயிறு கயிறுதான்கா" என்றான் ஜெயவேல்.

மூன்று துண்டுகள் வலது முறுக்கு. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். அவற்றை ஒதுக்கச் சொன்னேன். நான்காவது ஒரு பழைய போர்வெல் வண்டியிலிருந்து வந்தது, பாறையைக் குத்திக் குத்தித் துளைக்கிற வகை. அந்த வண்டிக்கு இடது முறுக்குக் கயிறுதான் போடுவார்கள். பாரம் தொங்கும்போது கயிறு தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும். வலது முறுக்காக இருந்தால் கீழே தொங்கும் உளியின் மரையையும் சேர்த்துக் கழற்றிவிடும். இடது முறுக்கு அதை மேலும் இறுக்கும்.

இதைச் சொன்னபோது பாலமுருகன் சார் முதல் தடவையாகச் சிரித்தார். "இது எனக்கே தெரியாது மேடம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கயிற்றின் இரண்டு இடத்தில் கம்பி பூட்டி, ஜெயவேலின் ஆட்கள் இருவர் எதிர்த்திசையில் முறுக்கினார்கள். புரிகள் அகன்றன. சணலை வெட்டி உருவினேன். நாக்குகளை உள்ளே வைத்தேன். "வுடுங்க" என்றேன்.

புரிகள் மூடவில்லை. நாக்கின் பள்ளங்களுக்குக் குறுக்கே ஏறி உட்கார்ந்து, ஒரு பக்கம் விரல் நுழையும் சந்து விட்டன. கழுத்து கோணலாக நின்றது. மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தேன். கடைசியில் அப்படியே கயிற்றை லாரியின் இழுவை வின்ச்சில் இழுத்துக் கட்டி, கிளிப்பில் சங்கிலி மாட்டி, ஜெயவேலின் தொங்கு தராசு வழியாகக் கயிற்றின் நீளவாக்கில் இழுத்தார்கள். எண்பது கிலோவில் கிளிப் வழுக்கிக்கொண்டு வந்து, வாயிலிருந்து விதை விழுவதுபோலக் கீழே விழுந்தது.

 ஜெயவேல் கிளிப்பை எடுத்து மூட்டையின் மேல் வைத்தான்.

"கூடையோட நாற்காலியே எரநூறு கிலோ வரும்" என்றார் பாலமுருகன் சார். குரலில் கேலி இல்லை. "நீங்க சொன்ன மாதிரி ஒரு அமைப்பு எங்கியாவது இருக்கலாம் மேடம். இது அது இல்ல. நாலு மணிக்கு நான் கெளம்பணும். அதுக்குள்ள வேற எதுனா தோணுனா சொல்லுங்க. இல்லாட்டி, கிளாம்ப் முழுசா வரல, அமைப்ப உபயோகிக்க முடியாதுன்னு எழுதித் தரேன்."

சாந்திகுமார், "பரவால்லம்மா, வுடு. நீ சாப்புட்டு வா" என்றார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ஒரு கிளிப்பைப் பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தேன். நாக்கு உள்ளே போவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெளியிலிருந்து கவ்வும் தாடை என்றால் ஒரு பக்கம்தான் தேயும். இது சுற்றிலும் தேய்ந்திருந்தது. ஆக, அடையாளம் சரி. நடுவில் எங்கோ ஒரு படி தப்பு. ஜக்கார்டு பெட்டியில் பூ கோணலாக விழுந்தால் பெட்டியையே தூக்கிப் போட மாட்டோம், எந்த அட்டை என்று தேடுவோம். அதே வேலைதான். ஆனால் நேரம் ஒன்றரை ஆகியிருந்தது.

என் கடைக்கு அடுத்த வீடு உண்ணாமலையக்காவுடையது. தறியில் உட்கார்ந்திருந்தாள். கனத்த பூ போட்ட புடவையை, அதன் முகப்பக்கம் கீழே இருக்கும்படிதான் நெய்வாள். அப்படி நெய்தால் ஒவ்வொரு மிதிக்கும் எழும்ப வேண்டிய நூல் குறைவு, காலுக்குப் பாரம் குறைவு. நெய்கிறவள் கண்ணுக்குத் தெரிவது புடவையின் பின்பக்கம். பூவின் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தறிக்கு அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சாய்த்து வைத்திருப்பாள். பின்பக்கத்தில் இடப்புறம் வளைந்த மாங்காய், புடவையை உடுத்தினால் வலப்புறம் வளைந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தாலும் இடம்தான். அதனால் எங்களுக்கெல்லாம் எதைப் பார்த்தாலும் மனதுக்குள் ஒரு தடவை திருப்பிப் போட்டுக்கொள்வது கண் சிமிட்டுவதுபோல. இருபது வருடமாக அவள் தறிக்கு அடியில் தலையை நீட்டி நானும் அப்படித்தான் பார்த்து வருகிறேன்.

"இன்னாடி, மொகம் இப்பிடி கீது? மலை ரயிலு ஓடலியா?"

"ரயிலு இல்லக்கா, நாற்காலி."

"எதுவோ ஒண்ணு. ஓடலியா?"

"சாயங்காலம் நாலு மணிக்கு முடிஞ்சி பூடும் போல கீது."

"யாரு சொன்னா?"

"வேலூர் இன்ஜினியரு."

"அவரு தறில உக்காந்து கீறாரா?" என்று கேட்டுவிட்டு, அறுந்த ஜரிகையை முடிச்சுப் போட இழுத்தாள். முடிச்சுப் போடும் முன் ஜரிகை தாங்குமா என்று பார்க்க, அதை ஆள்காட்டி விரலில் நெருக்கமாக ஆறேழு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுப்பது அவள் வழக்கம். இழுத்தாள். தாங்கியது. சுற்றை அவிழ்த்தாள்.

விரலில் சிவப்பாகத் தடம் தெரிந்தது. கோடு கோடாக, சாய்வாக.

"அக்கா, திரும்ப சுத்துங்க."

"எதுக்குடி?"

"சுத்துங்க சொல்றேன்."

அவள் சுற்றினாள். ஜரிகை வலப்பக்கம் சாய்ந்து ஏறியது. நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவிழ்க்கச் சொன்னேன். விரலில் இருந்த தடமும் வலப்பக்கம் சாய்ந்தே ஏறியது. திரும்பவில்லை.

"இன்னொரு வாட்டி."

"பேஜாரு புடிச்சவளே, எனக்கு தறி நிக்குது" என்று சொல்லிக்கொண்டே சுற்றினாள். இந்தத் தடவை, சுற்றிய ஜரிகையின் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். என் விரலில் விழுந்த தடம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இரண்டு விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஜரிகை, இரண்டு தடம். வெளியிலிருந்து அழுத்திய விரலில் தடம் திரும்பும். உள்ளே இருந்த விரலில் திரும்பாது. உள்ளே இருப்பது சுற்றிய நூலை அதன் சாய்விலேயே வாங்கிக்கொள்கிறது. காலையில் நான் பாலமுருகன் சாரிடம் நாக்கு உள்ளே போகும் என்று வாயால் சொல்லிவிட்டு, கயிற்றைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் அது வெளியே இருப்பதுபோலத் திருப்பிப் போட்டிருக்கிறேன். தறிக்கு அடியில் பார்த்துப் பழகிய கண் கேட்காமலே அந்த வேலையைச் செய்துவிட்டது.

கிளிப் சரி. கயிறுதான் தப்பு. கடையில் எல்லோரும் வாங்கும் சாதாரண வலது முறுக்குக் கயிறு.

"ஜல்தி வாங்க, வண்டில ஏறுங்க."

"நான் எதுக்குடி?"

"உங்க வெரலு வேணும்."

அக்கா ஜரிகைச் சுருளைக் கையில் பிடித்தபடியே ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். நாங்கள் காயலான் கடைக்குப் போனபோது மணி இரண்டரை. பாலமுருகன் சார் ஒரு மலை நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். காலையில் ஒதுக்கிய மூன்று துண்டுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னேன்.

"காலைல வேணான்னு காலால தள்ளுனியேக்கா, அதே கயிறா?" என்றான் ஜெயவேல்.

"அதே கயிறுதான். தள்ளினது என் தப்பு."

"என் கடைல வேணான்னு எதையும் தள்ளக் கூடாது. போர்டே எழுதி வெக்கணும்."

பாலமுருகன் சார் பேனாவை மூடவில்லை. "இன்னா மாறிச்சு மேடம்?"

"கிளிப்பு மாறல சார். நான்தான் கயித்த தப்பா எடுத்தேன். மொதல்ல பாருங்க, அப்புறம் காரணம் சொல்றேன்."

ஆட்கள் முறுக்கினார்கள். புரிகள் அகன்றன. சணலை உருவினேன். ஒரு நாக்கை நான் பிடித்துக்கொள்ள, மறு நாக்கை உண்ணாமலையக்கா தன் விரல்களால் புரிகளுக்குள் படுக்க வைத்தாள். பாவு நூலைக் கலைக்காமல் ஒதுக்கிப் பழகிய விரல்கள். "வுடுங்கப்பா மெதுவா" என்றாள்.

முறுக்கு திரும்பி வந்தது. ஒவ்வொரு புரியும் தன் பள்ளத்தைத் தேடிப்போய்ப் படுத்தது. கடைசிப் புரி விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம், பெட்டிப் பூட்டு விழுவதுபோல. நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கயிறு அந்த ஒன்றரை அடியில் ஒரு நூல்கூடப் பருக்கவில்லை. கழுத்து மட்டும் நேராக, செங்குத்தாக, கீழே தொங்கியது.

பாலமுருகன் சார் எழுந்து வந்து கயிற்றின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு அவரே வின்ச்சைப் பூட்டினார், அவரே சங்கிலியை மாட்டினார். தராசு முள்ளைப் பார்த்து ஜெயவேல் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். நூறு. இருநூறு. கழுத்துக்குப் பக்கத்தில் கயிற்றின் மேல் சார் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். முந்நூறு. கழுத்து கோட்டைவிட்டு நகரவில்லை. நானூறு. சாந்திகுமார் நாற்காலி ஒன்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்நூறு. அறுநூறில் சார் கையைத் தூக்கினார். கழுத்து கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

"இப்ப வின்ச்ச தளத்துங்க" என்றேன். கயிறு தளர்ந்ததும் கிளிப்பைக் கையால் அசைத்துக் காட்டினேன். கொஞ்சம் ஆடியது. மறுபடி இழுத்ததும் கல்லாகிவிட்டது.

"இழுக்க இழுக்க இறுகுது" என்றார் சார், எனக்கு இல்லை, தனக்கு. பிறகு என்னைப் பார்த்து, "இதுல ஒரு கொற கீது. சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"கிளிப்பு இருக்கற எடத்துல கயிறு வளையாது சார். சக்கரத்துமேல போவும்போது நாக்கு முடியற எடத்துலயே மடிஞ்சி மடிஞ்சி கம்பி களச்சிப் பூடும். அதனால கிளிப்ப அப்பப்ப எடுத்து ரெண்டடி தள்ளி வெக்கணும். பழைய எடத்துல திரும்ப சணல் வெக்கணும்."

"யாரு தள்ளி வெப்பாங்க?"

"நான் வெப்பேன்."

"நானும்தான்" என்றாள் உண்ணாமலையக்கா. "மாம்பழம் குடுப்பாங்க இல்ல?"

அதன் பிறகுதான் காலையில் செய்த தப்பைச் சொன்னேன். அக்கா விரலில் ஜரிகையைச் சுற்றிக் காட்டினாள். பாலமுருகன் சார் ஜரிகையை வாங்கித் தன் விரலிலேயே சுற்றி, அவிழ்த்து, தடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மற்ற விரலால் அழுத்தியும் பார்த்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அப்போ காலைல அது வழுக்கினதே சாட்சி" என்றார். "வெளிய இருந்து கவ்வற தாடையா இருந்திருந்தா, நீங்க எடுத்த அந்தக் கயித்துலதான் இது உக்காந்திருக்கணும். அதுல உக்காரல, இதுல உக்காந்துது. அப்ப இது உள்ள போறதுதான். வேற வழியே இல்ல."

இந்த வாதம் எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது.

எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். நாற்பத்தாறு கிளிப்பையும் சாயம் தடவி விரிசல் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். கயிறு புதிது, வலது முறுக்கு, நடுவில் சணல். கூடைக்கு மட்டும், ஆள் ஏறக்கூடாது. வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"கிளிப்பு வகைன்னு ஒரு கட்டம் கீது. பேரு இன்னா போடறது?"

"கயிற்றுக்குள் போகும் வகை. முழுமையாக உள்ளதுன்னு போடுங்க சார்."

அப்படியே எழுதினார். கையெழுத்துப் போட்டு சாந்திகுமாரிடம் நீட்டினார். அவர் தாளை வாங்கி, படிக்காமல், மேலே பொழுதைப் பார்த்தார். அவர்கள் ஜைனர்கள், வீட்டில் இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அவர் வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார். "திரிசலா, நாலு பேரு சேத்து சமைச்சிடு. அஞ்சரைக்கு வந்துடுவோம்." மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். "ஆங், அதுதானாம். அந்தப் பொண்ணு சொன்னதுதான்." மறுபடி ஏதோ கேட்டார்கள். "இல்ல, நீ ஏறக்கூடாதாம். கூடைக்கு மட்டும்தான்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். தரையில் கிடந்த இடது முறுக்குக் கயிற்றைச் செருப்பு நுனியால் தொட்டார்.

"கீழ ஓடற பம்பு செட்டும் மாத்தணும்மா. பழசு ஒண்ணு வந்தவாசில வருதாம். பாத்து சொல்றியா?"

"போட்டோ அனுப்புங்கண்ணா."

"அனுப்பறேன்" என்றார். "இந்த வாட்டி மூட்டைய அவுத்து, ஒவ்வொண்ணா எடுத்து வெச்சி அனுப்பறேன்."

"அதான் சரி" என்றேன். பையிலிருந்த கிளிப்பை எடுத்து மற்ற நாற்பத்தைந்தோடு வைத்தேன்.